எண்ணெய்க் கை

கால் இரண்டையும் நீட்டி, சேலையை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு பாட்டி உட்கார்ந்துவிட்டால் அதுவே பிள்ளைக்குத் தொட்டி, அதுவே கட்டில். இரு காலுக்கும் நடுவே உள்ள பள்ளத்தில் பிள்ளை கிடக்கும். பக்கத்தில் கிண்ணத்தில் எண்ணெய், அண்டாவில் வெந்நீர். முதலில் மல்லாக்கப் போட்டு நெஞ்சு, வயிறு, கை, கால். பிறகு குப்புறப் போட்டு முதுகு, பிட்டம், தொடை. இடக்கையையும் வலக்காலையும் பிடித்துக் குறுக்கே கொண்டுவந்து ஒரு மடக்கு, ஒரு நீட்டு. பிள்ளை சிணுங்கும், வீறிடும், பிறகு அடங்கும். துவட்டித் தூளியில் போட்டால் அடுத்த பாலுக்குத்தான் கண் விழிக்கும்.

தமிழ்நாட்டில் இந்தக் காட்சியைப் பார்க்காதவர்கள் குறைவு. ஆனால் திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் என மூன்று மாவட்டங்களில் பரந்து கிடக்கும் ஜவ்வாது மலையில் இதற்குக் கூடுதலாக ஒரு பொருள் உண்டு. சிதறிக் கிடக்கும் குக்கிராமங்களில் குழந்தையின் உடலை தினமும் தலை முதல் கால் வரை தொட்டுப் பார்க்கும் ஒரே ஆள் அந்தப் பாட்டிதான். வயிறு உப்பியிருக்கிறதா, உடம்பு சுடுகிறதா, நேற்றைவிட இன்று கால் தளர்ந்திருக்கிறதா என்பதை முதலில் அறிவது மருத்துவர் இல்லை, செவிலியரும் இல்லை. எண்ணெய் தோய்ந்த அந்தக் கைதான்.

மலையாளி என்று அழைக்கப்படும் பழங்குடி மக்களே இங்கே பெரும்பான்மை. பெயரைக் கேட்டுக் கேரளத்தை நினைக்க வேண்டாம். பேசுவது தமிழ், தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்தவர்கள் என்பது அவர்களின் மரபுக்கதை. சாமையும் கேழ்வரகும் விளையும், தேனும் புளியும் பலாவும் கிடைக்கும் மலை இது. சாலைதான் எல்லா ஊருக்கும் கிடைக்கவில்லை. 2023 மே மாதம், இதே மலைத்தொடரில் வேலூர் மாவட்டத்து அல்லேரி மலைப்பகுதியில் பாம்பு கடித்து இறந்த ஒன்றரை வயதுக் குழந்தையின் உடலை, ஆம்புலன்ஸ் மேலே போக வழியில்லாமல் பாதியில் இறக்கிவிட, பெற்ற தாய் கையில் சுமந்து நடந்தார். அந்தப் படம் நாட்டையே உலுக்கியது. மருத்துவமனை அவ்வளவு தூரத்தில் இருக்கும் இடத்தில் வீட்டுக்குள் இருக்கும் கைக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்பது உயிர் சம்பந்தப்பட்ட கேள்வி.

இந்தக் கேள்வியைச் சீனா தன் நாட்டுப் பாட்டிகளை வைத்துக் கேட்டுக்கொண்டது. அதற்கு ஒரு பதிலையும் கண்டது.

சீனத்துக் கை

சீன மரபு மருத்துவத்தில் கையால் செய்யும் சிகிச்சைக்குத் தூய்னா என்று பெயர். 'தூய்' என்றால் தள்ளுவது, 'நா' என்றால் பற்றுவது. குழந்தைகளுக்கென்றே அதில் தனிப் பிரிவு உண்டு. மிங் அரச மரபுக் காலத்தில், 1601-ல் யாங் ஜிஜோ தொகுத்த பெரும் குத்தூசி நூலில் குழந்தைகளுக்கான மசாஜ் பற்றி ஒரு முழுப் பகுதியே இடம்பெற்றது. அதற்கும் முன்பே, 4-ஆம் நூற்றாண்டில் கே ஹோங் என்ற மருத்துவர், வயிற்று வலிக்கு முதுகெலும்பின் மேல் உள்ள தோலைப் பற்றி இழுத்து, வால் எலும்பிலிருந்து மேல்நோக்கிக் கொண்டுபோகும் முறையை எழுதிவைத்தார். 'நியே ஜி' என்ற பெயரில் இன்றும் செய்யப்படுவது அதுதான். கட்டைவிரலும் மற்ற விரல்களும் சேர்ந்து தோலை மெல்லக் கிள்ளித் தூக்கி, உருட்டியபடியே கழுத்து வரை போகும். சாப்பிடாத பிள்ளை, செரிக்காத பிள்ளை, தேறாத பிள்ளைக்கு அதைச் செய்வார்கள்.

இவ்வளவும் பழைய கதை. கவனிக்க வேண்டியது அண்மையில் நடந்தது. 2013 முதல் சீன அரசு தன் அடிப்படைப் பொதுச் சுகாதாரச் சேவையில், 3 வயது வரையிலான குழந்தைகளுக்கு மரபு மருத்துவ வழிகாட்டலைச் சேர்த்தது. தடுப்பூசிக்கும் எடை பார்க்கவும் குழந்தையைத் தூக்கி வரும்போதே பெற்றோருக்குக் கைமுறையும் சொல்லித்தரப்படும். 6, 12 மாதங்களில் வயிற்றை வட்டமாக நீவுவதும் முதுகுத்தோலைப் பற்றி உருட்டுவதும். 18, 24 மாதங்களில் மூக்கோரத்திலும் முழங்காலுக்குக் கீழே வெளிப்புறத்திலும் உள்ள புள்ளிகளை அமுக்குவது. 30, 36 மாதங்களில் உச்சந்தலையைச் சுற்றியுள்ள நான்கு புள்ளிகள்.

உச்சந்தலை கடைசியில் வருகிறது பாருங்கள். குழந்தையின் உச்சிக்குழி பெரும்பாலும் ஒன்றரை வயதுவாக்கில்தான் மூடும். அதற்கெல்லாம் பிறகே அங்கே விரல் வைக்கச் சொல்கிறது அந்த அட்டவணை. நம் ஊரில் பிறந்த பிள்ளையின் உச்சிக்குழியில்தான் முதலில் விளக்கெண்ணெய் வைத்துத் தட்டுகிறோம்.

அந்தப் புள்ளிகளை அமுக்கினால் மண்ணீரல் பலப்படும், உயிராற்றல் சீராகும் என்று சீன மரபு சொல்லும் விளக்கங்களை நவீன மருத்துவம் ஏற்கவில்லை. ஏற்க வேண்டிய கட்டாயமும் நமக்கில்லை. அங்கே நடந்த நல்ல காரியம் வேறு. வீட்டுக்குள், ஆளுக்கொரு விதமாக நடந்துகொண்டிருந்த ஒன்றை அரசு வெளியே எடுத்தது. வயது வாரியாக வரிசைப்படுத்தியது. எடை பார்க்கும் இடத்தோடும் தடுப்பூசி போடும் இடத்தோடும் கட்டிப்போட்டது. மசாஜ் கற்க வரும் தாய், எடை பார்க்காமல் திரும்ப முடியாது.

நம்மிடம் இருப்பது

தமிழ் மரபில் இதற்கு நூல் இல்லாமல் இல்லை. சித்த மருத்துவம் சொல்லும் 32 புறமருந்துகளில் தொக்கணம் ஒன்று. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என அதை ஒன்பதாகப் பிரிப்பார்கள். குழந்தை மருத்துவத்துக்குப் பாலவாகடம் என்று தனித் துறையே உண்டு. ஆனால் பாட்டிகள் எந்தச் சுவடியையும் படித்துவிட்டுப் பிள்ளையைக் காலில் போடவில்லை. அது தாயிடமிருந்து மகளுக்கு, மாமியாரிடமிருந்து மருமகளுக்கு, கைக்குக் கை வந்த அறிவு.

அந்த அறிவின் அகராதி தனி. பிள்ளை ஓயாமல் அழுதால் 'உரம் விழுந்திருக்கு' என்பார்கள். புடவையில் போட்டு இருபுறமும் இருவர் பிடித்து உருட்டியோ, முறத்தில் கிடத்தியோ உரம் எடுப்பார்கள். வாந்தியெடுத்தால் 'குடல் ஏறிடுச்சு'. விளக்கெண்ணெய் தடவி வயிற்றை வழிப்பார்கள். செரிக்கவில்லை என்றால் மாந்தம். எதுவுமே ஒட்டாமல் வற்றிப்போனால் சவலை.

மருத்துவச்சி காலம் முடிந்துவிட்டது. தமிழ்நாட்டில் ஏறக்குறைய எல்லாப் பிரசவமும் இன்று மருத்துவமனையில்தான். மலைப்பகுதி ஆரம்ப சுகாதார நிலையங்களில் கர்ப்பிணிகள் நாள் நெருங்கும் முன்பே வந்து தங்குவதற்கு அறைகள்கூட வந்துவிட்டன. இது பெரிய சாதனை. ஆனால் மூன்றாம் நாளோ ஐந்தாம் நாளோ பிள்ளை வீட்டுக்குப் போனதும் மீண்டும் எண்ணெய்க் கிண்ணம்தான். 2015-ல் தமிழக அரசு தொடங்கிய குழந்தைகள் நலப் பரிசுப் பெட்டகத்தின் 16 பொருள்களில் குழந்தைக்கான எண்ணெயும் ஒன்று. அரசே எண்ணெயைக் கையில் கொடுத்த பிறகு, அதை எப்படித் தேய்ப்பது என்று சொல்லித்தருவதும் அரசின் வேலையாகிவிடுகிறது.

வளருமா பிள்ளை?

எண்ணெய் தேய்த்தால் பிள்ளை வளருமா? இதற்கு நேர்மையான பதில், 'ஓரளவுக்கு, சில பிள்ளைகளுக்கு' என்பதே.

1986-ல் அமெரிக்காவின் மயாமியில் டிஃபனி ஃபீல்டும் குழுவினரும் வெளியிட்ட ஆய்வுதான் இத்துறையில் திருப்பம். குறைமாதத்தில் பிறந்த 40 குழந்தைகளில் பாதிப் பேருக்கு நாளுக்கு மூன்று வேளை, வேளைக்கு 15 நிமிடம், 10 நாள் உடலை நீவிக் கைகால் மடக்கி நீட்டினார்கள். அந்தக் குழந்தைகள் மற்றவர்களைவிட நாளொன்றுக்கு 47 சதவீதம் அதிக எடை கூடின. ஆறு நாள் முன்னதாக வீடு திரும்பின. பால் குடித்த அளவு இரு பக்கமும் ஒன்றே. அழுத்தம் முக்கியம் என்பதையும் அதே குழு பின்னால் காட்டியது. இறகால் வருடுவது போல மெல்லத் தடவினால் பிள்ளைக்குக் கூச்சம்தான் மிச்சம். மிதமாக அழுத்தி நீவும்போதுதான் வேகஸ் நரம்பு தூண்டப்பட்டு, இரைப்பையும் குடலும் சுறுசுறுப்பாகின்றன.

நம் நாட்டிலும் ஆய்வு நடந்திருக்கிறது. 2000-ல் வெளியான தில்லி ஆய்வு ஒன்றில், ஆறு வாரக் குழந்தைகள் 125 பேரைப் பிரித்து, நான்கு வாரம் வெவ்வேறு எண்ணெய்களால் நீவினார்கள். நீளத்திலும் கைகால் சுற்றளவிலும் நல்லெண்ணெய் தேய்த்த குழந்தைகள் முன்னால் நின்றார்கள். நீவியபின் தூக்கமும் நீண்டது. 2005-ல் மும்பையில் நடந்த ஆய்வில் தேங்காய் எண்ணெய் தேய்த்த குழந்தைகளின் எடை, மினரல் ஆயில் தேய்த்தவர்களைவிட வேகமாகக் கூடியது. அதே ஆண்டு வங்கதேசத் தலைநகர் டாக்காவின் சிசு மருத்துவமனையிலிருந்து இன்னும் வலுவான செய்தி வந்தது. 33 வாரத்துக்கு முன் பிறந்த சிசுக்களின் தோலில் சூரியகாந்தி எண்ணெய் பூசியபோது, மருத்துவமனைத் தொற்று 41 சதவீதம் குறைந்தது. குறைமாதத் தோல் மெல்லிய காகிதம் போன்றது. எண்ணெய் அதற்கு இன்னொரு தோலாகிறது.

ஆனால் குறித்த மாதத்தில், நல்ல எடையோடு பிறந்த குழந்தைகளுக்கு? ஆறு மாதத்துக்கு உட்பட்ட ஆரோக்கியமான குழந்தைகளுக்கு மசாஜ் என்ன தருகிறது என்று காக்ரேன் அமைப்பு 2013-ல் 34 ஆய்வுகளைச் சலித்துப் பார்த்தது. அவற்றில் 20 ஆய்வுகள் ஒருபக்கச் சாய்வுக்கு இடம் தருபவை என்று தெரிந்தது. அவற்றை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் எடை, நீளம் குறித்த பெரும் பலன்கள் கரைந்துவிட்டன. 'இதைத் தேய்த்தால் பிள்ளை கொழுகொழுவென்று வளரும்' என்று பாட்டிலில் ஒட்டி விற்பவர்கள் யாராக இருந்தாலும் நம்பாதீர்கள்.

அப்படியானால் பாட்டியின் உழைப்பு வீணா? இல்லை. எடைக்கருவியில் ஏறாத பலன்களும் உண்டு. நொடிக்குச் சில சென்டிமீட்டர் வேகத்தில் மெதுவாக நகரும் கையை உணர்வதற்கென்றே மனிதத் தோலில் தனி நரம்பிழைகள் இருக்கின்றன. பாட்டியின் கை தானாகவே ஏறக்குறைய அந்த வேகத்தில்தான் நகர்கிறது. பிரசவத்துக்குப் பிறகு மனச்சோர்வில் இருந்த தாய்மார்களுக்குக் குழந்தையை நீவக் கற்றுக்கொடுத்த லண்டன் ஆய்வில் (2001), தாய்க்கும் சேய்க்கும் இடையிலான உறவு தேறியது. இந்தக் கையின் மதிப்பை நாம் உணரும் முன்பே வெளிநாட்டார் உணர்ந்துவிட்டார்கள். பிரெஞ்சு மகப்பேறு மருத்துவர் ஃபிரெடெரிக் லெபோயர், கொல்கத்தாவில் ஷாந்தலா என்ற ஏழைத் தாய் தன் பிள்ளையை நீவுவதைக் கண்டு வியந்து, 1976-ல் அவர் பெயரிலேயே படங்களோடு புத்தகம் போட்டார். பிரேசிலில் குழந்தை மசாஜுக்கு இன்றும் 'ஷாந்தலா' என்றே பெயர்.

கை எங்கே தவறுகிறது

நீவுவதில் ஆபத்து குறைவு. அதைச் சுற்றி ஒட்டிக்கொண்ட சில பழக்கங்களில்தான் ஆபத்து இருக்கிறது. அவற்றை வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும்.

மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவதுதான் முதல் தவறு. மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்குள் போனால் அங்கேயே தங்கி ஒருவகை நிமோனியாவை உண்டாக்கும். தென்னிந்தியக் குழந்தைகளிடம் இது காணப்படுவதை 1973-லேயே பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் பதிவுசெய்தது. ஐம்பது ஆண்டுகள் கடந்தும் பழக்கம் போகவில்லை. மூக்கை ஊதிச் சளி எடுப்பதும் இதே வகைதான்.

பிறந்த பிள்ளையின் மார்பு சற்று வீங்கியிருந்தால் 'பால் கட்டியிருக்கு' என்று பிதுக்குவார்கள். ஆண் பிள்ளை, பெண் பிள்ளை இரண்டுக்கும் இந்த வீக்கம் வரும். தாயின் ஹார்மோன் குழந்தையின் உடலில் மிச்சமிருப்பதால் வருவது அது. சில வாரத்தில் தானே வடிந்துவிடும். பிதுக்கினால் சீழ் பிடிக்கும். சாம்பிராணிப் புகை அந்தச் சின்ன நுரையீரலுக்கு வேண்டவே வேண்டாம். பிறந்த 24 மணி நேரத்துக்குள் குளிப்பாட்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இரண்டரைக் கிலோவுக்குக் குறைந்த பிள்ளைகளை ஜவ்வாது மலை போன்ற குளிர் ஊரில் தினமும் முழுக்காட்டுவது சூட்டை இழக்கச் செய்யும். அந்தப் பிள்ளைக்குத் தேவை தாயின் வெறும் மார்பு. 1978-ல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில் மருத்துவர் எட்கர் ரே தொடங்கிய கங்காரு பராமரிப்பு, தோலோடு தோல் ஒட்டவைக்கும் அந்த முறைதான்.

எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து தாமதம். 'குடல் ஏறிவிட்டது' என்று வழித்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு உண்மையிலேயே குடல் குடலுக்குள் செருகிக்கொண்டிருக்கலாம். நான்கு மாதம் முதல் பத்து மாதம் வரையிலான குழந்தைகளுக்கு அதிகம் வரும் அவசர நோய் அது. விட்டுவிட்டுக் காலை மடக்கி அழும், பச்சையாக வாந்தியெடுக்கும், மலத்தில் ரத்தமும் சளியும் கலந்து வரும். அந்த வயிற்றில் கையே வைக்கக் கூடாது. காய்ச்சல், பால் மறுத்தல், துவண்டு கிடத்தல், மூச்சுத் திணறல் எது இருந்தாலும் உரம் எடுக்கும் நேரமில்லை அது. உடனே 108.

சவலை

சவலை என்ற சொல்லில் ஒரு மருத்துவ உண்மை ஒளிந்திருக்கிறது. தாய் மறுபடி கருவுற்றதால் பால் குறைந்து மெலிந்த பிள்ளையைத்தான் தமிழ் அப்படி அழைத்தது. ஆப்பிரிக்காவின் கானாவில் 'கா' மொழி பேசும் மக்கள், அடுத்த பிள்ளை வந்ததும் முந்தைய பிள்ளைக்கு வரும் நோயைக் குவாஷியோர்கர் என்றார்கள். 1935-ல் சிசிலி வில்லியம்ஸ் என்ற பெண் மருத்துவர் அந்தச் சொல்லை மருத்துவ உலகுக்குக் கொண்டுபோனார். புரதக் குறைவால் உடல் வீங்கும் நோய்க்கு இன்றும் அதுவே பெயர். சீன மரபிலும் இப்படித் தேறாத பிள்ளையின் நிலைக்குத் தனிப் பெயர் உண்டு. முதுகுத்தோலை உருட்டும் முறையை அதற்கே முதன்மையாகச் செய்தார்கள்.

மூன்று மக்களும் ஒரே பிள்ளையைப் பார்த்திருக்கிறார்கள். அந்தப் பிள்ளைக்கு வேண்டியது சோறும் பருப்பும் முட்டையும். எந்தக் கையும் அந்த இடத்தை நிரப்பாது.

தமிழ்நாடு இதை நன்றாக அறிந்த மாநிலம். 1980-ல் உலக வங்கி உதவியோடு தொடங்கிய ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தில், 6 முதல் 36 மாதக் குழந்தைகளை மாதந்தோறும் எடைபோட்டு, எடை சரியும் பிள்ளைக்கு மட்டும் கூடுதல் உணவு கொடுத்த அனுபவம் நமக்கு உண்டு. 2022 மே மாதம் உதகமண்டலத்தில் தொடங்கி, 2024 நவம்பரில் அரியலூரில் இரண்டாம் கட்டம் கண்ட 'ஊட்டச்சத்தை உறுதி செய்' திட்டம் அதன் வாரிசு. அப்படியிருந்தும், 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழகத்தின் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நான்கில் ஒருவர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர். நாட்டின் சராசரி 35.5 சதவீதம் என்பதைச் சொல்லித் தேற்றிக்கொள்ளலாம்; அந்த நான்காவது பிள்ளைக்கு அதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை.

திட்டமும் பாட்டியும் தனித்தனியே இயங்குவதுதான் குறை. அங்கன்வாடியில் எடை பார்க்கிறார்கள், சத்துமாவு தருகிறார்கள். வீட்டில் பாட்டி எண்ணெய் தேய்க்கிறார், குடல் வழிக்கிறார். இரண்டு பேரும் ஒரே பிள்ளையைப் பற்றி ஒருவரோடொருவர் பேசுவதில்லை. பேசினால் என்ன நடக்கும் என்பதற்கு மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி சாட்சி. அங்கே மருத்துவர்கள் அபய் பங், ராணி பங் தம்பதி, கிராமத்துப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்து வீடு வீடாகச் சிசுக்களைப் பார்க்கவைத்தார்கள். பச்சிளங்குழந்தை மரணம் 62 சதவீதம் குறைந்ததாக 1999-ல் லான்செட் இதழ் வெளியிட்டது. அந்தப் பெண்கள் பாட்டிகளை விரட்டவில்லை. அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்தார்கள்.

மலைவாசிக்கு இதெல்லாம் புரியுமா என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2023 நவம்பரில், பிரசவமான சில நாளிலேயே பச்சை உடம்போடு சென்னைக்குப் பயணம் செய்து உரிமையியல் நீதிபதி தேர்வை எழுதி வென்ற ஸ்ரீபதி, இந்த ஜவ்வாது மலைக்காரர்தான். சொல்லித்தருவதற்கு ஆள் வந்தால் கற்றுக்கொள்ள இந்த மலையின் தாய்மார்கள் என்றைக்கும் தயார்.

செய்ய வேண்டியது சின்ன வேலை. தமிழ்நாட்டில் தடுப்பூசி நாள் புதன்கிழமை. தாயும் பாட்டியும் பிள்ளையோடு வந்து காத்திருக்கும் அந்த நேரத்தில், கிராம சுகாதாரச் செவிலியர் ஒரு பாயை விரித்து, ஒரு பாட்டியையே அழைத்துக் கால் நீட்டி உட்காரச் சொல்லி, எல்லோர் முன்னாலும் நீவிக் காட்டச் செய்யலாம். எங்கே அழுத்துவது, எங்கே தொடக் கூடாது, எந்த எண்ணெய், எந்த அறிகுறி வந்தால் கிண்ணத்தை வைத்துவிட்டு 108-ஐ அழைப்பது என்று அங்கேயே சொல்லிவிடலாம். பிறகு அதே பிள்ளையை எடைபோட்டு அட்டையில் குறிக்கலாம். இதற்குப் புதுக் கட்டடம் வேண்டாம், புதுப் பணியிடம் வேண்டாம். பொதுச் சுகாதாரத் துறை இதை ஜவ்வாது மலையின் ஜமுனாமரத்தூரில் தொடங்க வேண்டும். இந்த ஆண்டே தொடங்க வேண்டும்.